ஒடியாத ஒயர்

மூன்றாவது தடவையாக விளக்கு அணைந்தபோது துரைராசு மெயின் ஸ்விட்சைப் பார்க்கப் போகவில்லை. கரண்ட் இருக்கிறது என்று தெரியும்; பத்தடி தள்ளி பம்புசெட்டுக் கொட்டகையில் எரிகிற குண்டு பல்பு, மழைக்குள்ளே மஞ்சளாகக் கலங்கித் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஒயர் ஒடிந்திருக்கிறது. மூன்று நாள் முன்னால் தன் கையால் இழுத்துப் போட்ட புது ஒயர், யாரும் தொடாத பலகைக்குப் பின்னால், அசையாமல் நிற்கிற ஒரு வண்டிக்குள், மூன்றாவது தடவையாக ஒடிந்திருக்கிறது. இதென்னடா கிரகசாரம் என்று வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

“ஏங்க, லைட்டு,” என்றாள் செவ்வந்தி.

“பாக்குறேன் இரு.”

“சீக்கிரம் பாருங்க. பாப்பா வெறைக்குது.”

மணி மூன்றுதான் இருக்கும். கார்த்திகை அடைமழையில் பகல் என்று ஒன்று விடியவே இல்லை. கண்ணாடிகளுக்கு மேல் தகரம் அடித்து மூடியிருந்ததால் வண்டிக்குள் அரையிருட்டு எப்போதும் உண்டு; இப்போது பல்பும் போனதும், ஊறிய தேக்குப் பலகையின் வாசனையும், எலி மூத்திர நெடியும், செவ்வந்தியின் பிள்ளை பெற்ற உடம்பின் பால் வாசனையும் இருட்டோடு சேர்ந்து கெட்டியாகி அவன் மூக்கை அடைத்தன.

வண்டிக்கு ஊரில் காசி வேன் என்று பெயர். பண்ணை வீட்டு வைத்தியலிங்கம் குடும்பத்தோடு காசிக்குப் போவதற்காகக் கட்டியது. உள்ளே கட்டில் உண்டு, துணி அலமாரி உண்டு, சமைக்கத் தகர மேடை உண்டு. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் பண்ணை வீட்டார் நிலத்தை ஆளுக்கொரு பேரில் எழுதிவைத்துவிட்டு மெட்ராசுக்குப் போனார்கள். வண்டியை டிரைவர் இராஜாங்கத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் சக்கரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வெண்ணாற்றங்கரைப் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார். போன வாரம் துரைராசுவின் குடிசை மழையில் உட்கார்ந்துவிட்டது. “அதுல போயி இருங்கடா, ஒழுகாது,” என்று சாவியைக் கொடுத்தவர் அவர்தான்.

குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது. பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் அனுப்பும்போது கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: உடம்பில் சூடு நிற்காது, ஒரு பெட்டியில் பஞ்சு போட்டுப் படுக்க வைத்து, ஒரு முழ உயரத்தில் அறுபது வாட் பல்பைத் தொங்கவிட வேண்டும், பல்பு அணையவே கூடாது. தாயின் மாரில் போட்டுச் சூடேற்றலாம் என்றால் செவ்வந்திக்கு ரத்தம் போய்ப் போய் அவள் உடம்பே சில்லிட்டுக் கிடந்தது. கரியடுப்பு வைத்துப் பார்த்தார்கள். புகையில் குழந்தைக்கு மூச்சு நின்று, முதுகைத் தட்டித் தட்டி மீட்கிறதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போகலாம் என்றால் உள்ளே முழங்கால் தண்ணீர். கூரை முழுக்க ஓட்டை. ரோடு மூழ்கி இரண்டு நாளாயிற்று. பஞ்சு போட்ட அந்தத் தேயிலைப் பெட்டியும், அந்தப் பல்பும், அந்த ஒயரும்தான் குழந்தையின் உயிர்.

மெயினை அணைத்துவிட்டு வந்து பலகையைக் கழற்றினான். கட்டில் தலைமாட்டில், முழங்கால் உயரத்தில், போன இரண்டு தடவையும் ஒடிந்த அதே இடத்தில் ஒயர் ஒடிந்திருந்தது. எலி கடித்தால் ரப்பரில் பல் தெரியும். இதில் பல் இல்லை. ரப்பர் வெளுத்து மடிந்திருந்தது. உள்ளே அலுமினியக் கம்பி பளபளவென்று முறிந்து நின்றது. கம்பியை இப்படியும் அப்படியுமாக விடாமல் மடக்கினால்தான் அப்படி முறியும். முனையைத் தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான். சுட்டது. கரண்ட் சூடு இல்லை, அவன் மெயினை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். மடக்கிய சூடு. இப்போதுதான், சற்று முன்னால்தான், யாரோ மடக்கியிருக்கிறார்கள்.

ஒரு சாண் தள்ளி அதேபோல் இன்னொரு முறிவு இருந்தது.

நீடாமங்கலத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மூஸா பாய், ஒயர் வாங்கப் போன அன்றைக்கே திட்டினார். “ஏன் தம்பி, வண்டிக்கு எவனாச்சும் ஒத்தைக் கம்பி போடுவானா? நீ தொழில் தெரிஞ்சவன்தானே? முறுக்கு ஒயர் எடுத்துட்டுப் போ. உள்ள நாப்பது இழை இருக்கு. என்ன ஆட்டு ஆட்டினாலும் ஒடியாது.”

“நிக்கிற வண்டிதான் பாய். சக்கரமே கெடையாது. ஒத்தைக் கம்பியே குடுங்க.”

“உன் இஷ்டம்பா. ஒடிஞ்சா எங்கிட்ட வராதே.”

பாய் முறுக்கு ஒயர்ச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தபோது துரைராசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐந்து வருஷமாக அவன் அந்த ஒயரைத் தொட்டதில்லை. தொடாததற்குக் காரணம் மூஸா பாய்க்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாது.

கூலியாட்கள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம் அது. சிவப்புக் கொடி கட்டிய தெருவுக்கெல்லாம் முன்னால் நின்றவன் குஞ்சிதபாதம், செவ்வந்தியின் அண்ணன். துரைராசு அப்போது பண்ணை மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் கூப்பிட்டு, “ஏண்டா, எம்மாம் ஆட்டினாலும் ஒடியாத ஒயர் எதுடா?” என்று கேட்டார். பெரிய மனுஷர் தன்னிடம் கேட்கிறாரே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்தைக் கம்பி என்றால் முறுக்கி முறுக்கியே ஒடித்துவிடலாம், நாற்பது இழை ஒயர் என்றால் ஓர் இழை போனாலும் மீதி தாங்கும், மனுஷன் கையால் ஒடிக்கவே முடியாது என்று பாடம் நடத்தினான். காசி வேனுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பச்சை நூல் சுற்றிய முறுக்கு ஒயர்ச் சுருளைப் பையிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்தான்.

நாலு நாள் கழித்து, குஞ்சிதபாதத்தை ஆற்று மதகில் பிணமாக எடுத்தார்கள். தவறி விழுந்து செத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். கரையில் கிடத்தியபோது அவன் இரண்டு மணிக்கட்டிலும் சடை பின்னினாற்போல ஒரு தழும்பு சுற்றி ஓடியிருந்தது. எல்லாரும் மீன் கடித்தது என்றார்கள். துரைராசுக்கு மட்டும் அது எந்த ஒயர் என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை, திறந்தால் தன் பேரும் வரும் என்ற பயம். மறு வருஷம் அண்ணனை இழந்து நின்ற செவ்வந்தியைக் கட்டிக்கொண்டான். என்ன நல்ல மனசு என்று ஊர் மெச்சியது.

இரண்டு முறிவையும் சுரண்டி முறுக்கிச் சேர்த்தான். இந்தத் தடவை பலகைக்குப் பின்னால் விடாமல் கட்டில் ஓரமாக, கண்ணெதிரே வெளியில் தொங்கவிட்டான். தண்ணீரில் சளப்சளப்பென்று நடந்து போய் மெயினைப் போட்டுவிட்டு வந்தான். பல்பு எரிந்தது. பெட்டிக்குள் குழந்தையின் உதடு கருநீலமாக இருந்தது. செவ்வந்தி அதன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, “சூடு வந்துடும்டி என் தங்கம், வந்துடும்,” என்று முனகினாள். துரைராசு கட்டிலின் கீழே குந்தி ஒயரையே பார்த்தான்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு உறுமியது. ஒயர் சும்மா தொங்கிற்று. கண் வலிக்கிற வரைக்கும் அவன் பார்த்தான். பிறகு, கைகளை எடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த அவனுக்கு எதிரே, அந்த ஒரு சாண் நீளம் மட்டும் மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கம் திரும்பியது.

கொஞ்சம் நின்றது. யாரோ மூச்சு வாங்கிக்கொள்கிற நேரம் அளவுக்கு.

மறுபடி இடம். மறுபடி வலம். ரப்பர் ‘கிறுக், கிறுக்’ என்றது. அவனால் கையை நீட்ட முடியவில்லை. அவசரமே இல்லாத முறுக்கல். ரொம்ப நேரமாகப் பழகிய முறுக்கல். ரப்பர் வெளுத்தது. மடிந்தது.

டிக்.

பல்பு அணைந்தது.

“ஐயோ,” என்றாள் செவ்வந்தி இருட்டுக்குள்ளிருந்து. “என்னங்க ஒயரு போட்டீங்க நீங்க!”

கதவை யாரோ தட்டினார்கள். துரைராசு அலறிவிட்டான். இராஜாங்கம்தான், கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பு வரை தண்ணீர் சொட்ட, ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். தூக்கைச் செவ்வந்தியிடம் கொடுத்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து முன்பக்க டிரைவர் சீட்டுக்கு இழுத்துப் போனான் துரைராசு. நடுவில் பலகைத் தடுப்பு இருந்தது. தணிந்து பேசினால் அவளுக்குக் கேட்காது.

“அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. இந்த வண்டிக்குள்ள என்ன நடந்துச்சு?”

இராஜாங்கம் சாக்கைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார்.

“பொம்பளை கேட்டுடப் போவுது.”

“கேக்காது. சொல்லுங்க.”

“உன் மச்சானை இதுலதான் ஏத்தினாங்க. போலீசும் சங்கத்துக்காரனும் தேடி வந்தா ஆளு கெடைக்கக் கூடாதுன்னு, நிக்காம ஓட்டிக்கிட்டே இருன்னு சொல்லிட்டாங்க. திருப்பனந்தாளு, அங்கேருந்து பேராவூரணி, மறுபடி மேக்கே. மூணு நாளு. நான் கூலிக்காரன் தம்பி, என்னால என்ன பண்ண முடியும்?” அவர் பலகைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். “கட்டில் காலோட சேர்த்துக் கையைப் பின்னால கட்டியிருந்தாங்க. வாயிலயும் துணி. சத்தம் ஒண்ணும் வராது. ஒயரை முறுக்கிற சத்தம் மட்டும் வரும். இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு. கொஞ்சம் நிறுத்துவான். மறுபடி ஆரம்பிப்பான். ஒடிச்சிப்புடலாம்னு நெனைச்சான் பாவி. மூணு நாளும் நெனைச்சான். ஒடியலையே! எவன் குடுத்த ஒயரோ, அம்புட்டு நல்ல ஒயரு.”

நான்தான் அண்ணே என்று சொல்லத் துரைராசுக்குத் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“தொரராசு, இங்க இருக்க வேணாம்டா. பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்.”

“இந்த மழையிலயா? ரெண்டு நிமிஷம் நனைஞ்சா முடிஞ்சு போயிடும்ணே.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் செவ்வந்தியின் குரல் மாறியிருந்தது. முனகல் நின்றுவிட்டது. “ஏங்க. ஏங்க, இங்க வாங்களேன். கண்ணு சொருவுதுங்க.”

“ஒடியாத ஒயர் வேணும்,” என்றான் துரைராசு. “எங்கேயாச்சும் இருக்காண்ணே? இப்பவே.”

இராஜாங்கம் அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த துருப்பிடித்த தகரப் பெட்டியைத் திறந்து, டயர் நெம்புகோலுக்கும் கந்தல் துணிக்கும் அடியிலிருந்து பச்சைச் சுருள் ஒன்றை எடுத்தார். பாதிச் சுருள். வெட்டின முனை நூல் பிரிந்து கிடந்தது.

“அதுல மிச்சம்தான். தூக்கிப் போடவும் கை வரல,” என்றார்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அதைத் தொட்டான். நூலும் ரப்பரும் புதுசாகவே இருந்தன. தரமான சாமான். தொடவே கூசியது, ஆனால் விரல்கள் தொழிலை மறக்கவில்லை. மெயினை அணைத்தான். அலுமினியக் கம்பியை முழுக்க உருவி வெளியே தண்ணீரில் வீசினான். கொட்டகையிலிருந்து பல்பு வரை பச்சை ஒயரை ஒரே நீளமாக, நடுவில் ஒரு சேர்ப்புக்கூட இல்லாமல் இழுத்தான். முனையைச் சீவியபோது நாற்பது இழையும் கத்தி பட்டு மினுங்கின. கட்டில் ஓரமாக வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். மச்சான், இது உன் தங்கச்சி பிள்ளைடா, நீதானே தாய்மாமன், விட்டுடுடா என்று மனசுக்குள் கெஞ்சினான்.

மெயினைப் போடச் சொல்லி இராஜாங்கத்துக்குக் குரல் கொடுத்தான். பல்பு எரிந்தது.

இராஜாங்கம் கொட்டகையிலிருந்து கையை அசைத்துவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கரைப் பக்கம் இறங்கிப் போனார். துரைராசு கதவைச் சாத்தினான். ஒயர் முறுக்க ஆரம்பித்தது. இடம். வலம். நிறுத்தம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பச்சை நூல் புடைத்தது, நெளிந்தது, ஒடியவில்லை. வெளிச்சம் நடுங்கக்கூட இல்லை. பெட்டிக்குள் குழந்தையின் உதட்டில் நீலம் இறங்கிற்று, கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறிற்று. செவ்வந்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

“இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல?”

“ஆமா. போட்டிருக்கலாம்.”

“எங்கண்ணன் மட்டும் இருந்திருந்தா இந்தச் சீமைக்கே சக்கரை குடுத்திருக்கும். தாய்மாமன் மடியில வச்சு இவளுக்குக் காது குத்தணும்னு எனக்கு எம்புட்டு ஆசை தெரியுமா?” அவள் தலையணையில் சாய்ந்தாள். பேசிக்கொண்டே கண் அயர்ந்துவிட்டாள்.

ஆற்றங்கரைத் தவளைச் சத்தம் எழும்பியது. விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருக்கும். முறுக்கல் நடந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. துரைராசு காத்திருந்தான். மறுபடி ஆரம்பிக்கவில்லை. நூறு வரை எண்ணினான், இன்னொரு நூறு எண்ணினான். ஒயர் வெறும் ஒயராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குழந்தையைப் பார்த்தான்.

குழந்தை விழித்திருந்தது. பல்பைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது.

சுற்றியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. கால்கள் உதைத்தன.

கைகள் இல்லை.

தோள்கள் இரண்டும் பின்னால் போயிருந்தன. அவன் பெட்டிக்குள் கைவிட்டு மெல்ல ஒருக்களித்தான். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக. கட்டு எதுவும் இல்லை. நூல்கூட இல்லை. தீக்குச்சி கனமுள்ள அந்த மணிக்கட்டுகள் இடப்பக்கம் திரும்பின. வலப்பக்கம் திரும்பின. கொஞ்சம் நின்றன.

முன்னால் எடுத்துவிடப் பார்த்தான். வரவில்லை. இழுத்தால் எலும்பு விட்டுவிடும் என்று அவன் விரல்களுக்கே தெரிந்தது. விட்டான். குழந்தை அழவில்லை. வாய் திறந்து அழ முயற்சி பண்ணி, யாரோ வாயில் துணி அடைத்தாற்போலச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டது.

கட்டிங் பிளேயரை எடுத்தான். அறுத்தால் வெளிச்சம் போகும். வெளிச்சம் போனால் சூடு போகும். சூடு போனால்.

மறுபடி பார்த்தான். இடம். வலம்.

ஒயரை அறுத்தான்.

ஷாக் அடித்துத் தூக்கி எறியும் என்று நினைத்தான். ஒன்றும் ஆகவில்லை. வெட்டின இரண்டு முனையும் அவனுடைய இரண்டு கையிலும் இருந்தன. நடுவில் ஒரு முழம் காற்று.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“என்னங்க பண்றீங்க?” செவ்வந்தி எழுந்திருந்தாள். பெட்டிக்குள் குனிந்தாள். குழந்தையைக் கையில் எடுத்தாள். திருப்பினாள்.

வெளிச்சம் நேராக விழுந்தது. சிவந்த சின்ன மணிக்கட்டு இரண்டிலும், சடை பின்னினாற்போல, ஒரு தழும்பு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். அண்ணனைக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

தழும்பைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பச்சை ஒயரைப் பார்த்தாள். அதில் பின்னியிருந்த முறுக்கைப் பார்த்தாள். பிறகு, ரொம்ப மெதுவாக, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இது ஏது ஒயரு?” என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

அவள் மடியில் குழந்தை இடப்பக்கம் முறுக்கியது. வலப்பக்கம் முறுக்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டு, மறுபடி ஆரம்பித்தது.